நாகராசு இடித்த சுவர்

கடவுமங்கலத்தில் பஸ் ஏறிப் பழகியவர்களுக்கு நாகராசுவைத் தெரியாமல் இருக்க முடியாது. திருமயத்துக்கும் அறந்தாங்கிக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் இருபத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் பின்னால் துரத்தி வருகிற பஸ்ஸுக்கும் நடுவே நாலு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு ஊரையே ஏற்றி இறக்கியாக வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு யாராவது வயதானவள் ஓடி வந்தால் விசில் கொடுத்து நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஏற்றிய பிறகு அடுத்த ஸ்டாப் வரைக்கும் திட்டுவார். "நேத்தே கெளம்பியிருக்கலாம்ல ஆத்தா? ஒனக்காக டிரைவரு என்ன சமைச்சு சாப்பிட்டுட்டா வண்டிய எடுப்பாரு?" என்பார். தன் கல்யாணத்தன்று, பூசாரி வரத் தாமதமாகிறதென்று மாப்பிள்ளை மாலையோடு வாசலுக்கும் மணவறைக்கும் பத்துத் தடவை நடந்தவர் அவர். அதைச் சொல்லிச் சொல்லி முப்பத்திரண்டு வருடம் சிரித்தாள் சொர்ணம், அவர் மனைவி. மனிதருக்குக் காத்திருக்க மட்டும் வராது.

ஊர் வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது. ஆறு என்று பெயர்தான். ஐப்பசி கார்த்திகையில் ஓடும். மற்ற மாதங்களில் கருவேலமும், மணல் அள்ளிய பள்ளமும்தான். கரையில் ஒரு சிவன் கோயில், எதிரே கல் மண்டபம், ஆற்றுக்குள் இறங்குகிற படித்துறை, இவற்றைச் சுற்றி மூன்று தெருக்கள். படித்துறைக் கல்லில் எழுநூறு வருடத்து எழுத்து இருக்கிறதென்று தொல்லியல் துறைக்காரர்கள் கண்டுபிடித்து, மூன்று தெருவுக்கும் சேர்த்து நீல போர்டு ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி. இந்த எல்லைக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. இருக்கிறதைப் பழுதுபார்ப்பதானாலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள், "மாடி எடுக்க முடியாதாமே" என்று காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனபோதுதான் போர்டின் பொருள் விளங்கியது. வசதி உள்ளவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மனை வாங்கி வெளியேறினார்கள். மற்றவர்கள் இருந்துகொண்டார்கள். அந்தக் கல்லை யாரும் உடைக்காமல், படித்துறையைத் தோண்டி விற்காமல் பார்த்துக்கொண்டது அந்தப் போர்டுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒரு பொம்பளை வயதான காலத்தில் எங்கே ஒதுங்குவாள் என்று யாராவது ஒருத்தர் யோசித்திருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நாகராசுவின் வீடு ஆற்றங்கரைத் தெருவில் கடைசி. ஓட்டு வீடு. முன்னறை, சாமி விளக்கு எரிகிற நடு அறை, அடுப்படி, அடுப்படியை ஒட்டி அந்தக் காலத்தில் மாடு கட்டிய ஒரு சின்ன அறை. கக்கூஸ் மட்டும் கொல்லையில். அங்கே தரை ஆற்றுப் பக்கம் சரிந்து போவதால் ஏழு படி இறங்க வேண்டும். போன ஆனி மாதம் ஒரு காலையில், தூறல் விழுந்து நனைந்திருந்த படியில் சொர்ணத்தின் கால் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

"இனிமே படியே ஆகாது" என்றார் டாக்டர். "வாக்கரப் பிடிச்சு வீட்டுக்குள்ள நடக்கலாம். வெஸ்டர்ன் டாய்லெட் கிட்டயே இருக்கணும். இன்னொரு தரம் விழுந்தாங்கன்னா எந்திரிக்க மாட்டாங்க, பாத்துக்குங்க."

அப்படித்தான் சொர்ணம் அறந்தாங்கிக்குப் போனாள். அங்கே மகள் சத்யபிரியா வீடு இருக்கிறது, அறைக்குள்ளேயே பாத்ரூம் வைத்துக் கட்டிய வீடு. மகள் வீடு என்று வாய்தான் சொல்கிறது. மாப்பிள்ளை குவைத்தில் சம்பாதித்துக் கட்டி, அவருடைய அம்மா செல்வராணி சாவியை இடுப்பில் செருகியிருக்கிற வீடு அது. சம்பந்தி வீட்டில் பெண்ணைப் பெற்றவள் விருந்துக்கு ரெண்டு நாள் தங்கலாம். மாதக்கணக்கில் படுத்திருப்பது என்பது எங்கள் பக்கம் செத்துப் பிழைக்கிற காரியம்.

செல்வராணி கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அவள் நல்லவள். நேரத்துக்குக் கஞ்சி கொடுத்தாள், முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். அதனாலேயே சொர்ணம் அங்கே சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள். தாகமெடுத்தால் மகள் பள்ளிக்கூட வேலை முடிந்து வரும்வரை பொறுத்திருப்பாள். பாத்ரூமுக்கு அடிக்கடி போகக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு நாள் செல்வராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சின்ன மகளுக்குத் தலைப்பிரசவம் மதினி. தை பொறந்ததும் கூட்டியாந்துருவோம். பாத்ரூமு வச்ச ரூமு கீழ இது ஒண்ணுதான... அதுக்குள்ள ஒங்களுக்கும் நல்லாயிரும்ல?"

"அதுக்கு முன்னாடியே நான் போயிருவேன் மதினி. நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றாள் சொர்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகராசு பார்க்கப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தைக்குள்ள என்னய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. எப்புடியாச்சும்."

நாகராசு முதலில் வாடகை வீடு தேடினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கீழ்வீடெல்லாம் கடையாகிவிட்டது, காலியாக இருந்தது மாடி மட்டும்தான். உட்கார ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதை நடு அறையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "சாமி வெளக்குக்கு நேரா ஒக்காந்து நான் அதப் பண்ணவா?" என்று சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சம் இருந்தது அந்தப் பழைய மாட்டு அறைதான். அடுப்படியிலிருந்து ஒரே தரை, படி கிடையாது. அதைப் பழுதுபார்த்துக் கழிவறை ஆக்கிக்கொள்ளலாம். புதுக் கட்டடம் ஆகாது, இருக்கிற சுவர், இருக்கிற கூரை. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் எழுதி, மூன்று பக்கச் சுவரையும் போட்டோ எடுத்து இணைத்து அனுப்பினார்.

புரட்டாசியில் தொல்லியல் ஆபீஸிலிருந்து அறிவுச்செல்வன் என்ற இளம் அதிகாரி டேப்போடு வந்தார். அறையை அளந்தார். பிறகு யாரும் கேட்காமலே கொல்லைப் படியில் இறங்கி ஏறிப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கும் முழங்கால் ஆபரேஷன்தாங்கய்யா" என்றார். "நான் நல்லவிதமா எழுதி அனுப்புறேன், வந்துரும். பேப்பர் வர்ற வரைக்கும் மட்டும் ஒண்ணும் கட்டிராதீங்க."

"சத்தியமா ஒரு செங்கல்ல வைக்க மாட்டேன் தம்பி" என்றார் நாகராசு. அந்த வாக்கை அவர் மீறவே இல்லை.

ஐப்பசி போனது. காகிதம் வரவில்லை. நாகராசு தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்தார். ஆபீஸுக்குப் போன் செய்தால், "மேல போயிருக்கு, வரும்" என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. சொர்ணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போனால் அவள் எதுவும் கேட்பதில்லை. காலண்டரை மட்டும் பார்ப்பாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

கார்த்திகை பிறந்ததும் கொத்தனார் மதுரைவீரன் வந்து நின்றார். "அண்ணே, எட்டாந்தேதி வாஸ்து நாளு. அத விட்டா தை பன்னெண்டுதான். மார்கழில ஒருத்தனும் கல்லு ஊன்ற மாட்டான், தெரியும்ல?"

வருடத்துக்கு எட்டே நாள்தான் வாஸ்து பகவான் கண் விழிக்கிறார். அந்த எட்டு நாளிலும் பூசைக்கு உகந்தது அரை மணி நேரம் போல. அதைப் பார்க்காமல் எங்கள் பக்கம் கோழிக்கூடுகூடப் போடமாட்டார்கள். அதிலும் வீட்டில் ஒருத்தி விழுந்து எலும்பு முறிந்து கிடக்கும்போது நாள் பார்க்காமல் கை வைப்பதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? தை பன்னிரண்டில் தொடங்கினால் முடிய மாசியாகிவிடும். செல்வராணியின் மகள் தை பிறந்ததும் வந்து நிற்பாள். நாகராசு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எப்படி எண்ணினாலும் எட்டாந்தேதியை விட்டால் வேறு நாள் இல்லை.

"பூச மட்டும் போட்டு வச்சிருவோம். பேப்பர் வந்ததும் வேலய ஆரம்பிச்சிரலாம்" என்றார் நாகராசு.

"பூசைக்குக் குழி எடுக்கணுமேண்ணே. ஈசானி மூலையில செவுருல்ல நிக்கிது? அந்தச் செவுத்த எறக்குனாத்தான் ஆகும். எப்புடியும் ஊறிப்போன செவுரு. ரிப்பேருன்னாலும் நாளைக்கி எறக்கித்தான் கட்டணும்."

நாகராசு தாடையைச் சொறிந்தார். ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொறுங்கள் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

"கட்டாதீங்கன்னுதான சொன்னாரு? இடிக்காதீங்கன்னு ஒண்ணும் சொல்லலையே?"

"அதானே!" என்றார் மதுரைவீரன். ரெண்டு பேர் சேர்ந்து தலையாட்டினால் நம் ஊரில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது.

ஏழாம் தேதி ஒரு சுவரை இறக்கத் தொடங்கினார்கள். சுண்ணாம்பெல்லாம் உப்பாகப் பூத்துப் போயிருந்தது. ஒன்றை இறக்கியதும் பிடிமானம் இல்லாமல் அடுத்தது தானாகவே சாய்ந்தது, கூரை ஓடுகள் சரிந்தன. மூன்றாவதை அரைகுறையாக விட்டால் ஆபத்தென்று அதையும் தள்ளினார்கள். மத்தியானத்துக்குள் மாட்டு அறை ஒரு குவியலாகக் கிடந்தது. எட்டாம் தேதி காலை பதினொன்றேகால் மணிக்குக் குழி எடுத்து, மஞ்சள் நீர் தெளித்து, நவதானியம் போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். வீடியோ காலில் சொர்ணத்துக்குக் காட்டினார் நாகராசு. அவள் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"தேங்கா சரிபாதியா ஒடஞ்சுச்சாங்க?"

"ஒரு பிசிறு இல்ல. நீ கெளம்புறதுக்கு ரெடியா இரு."

அன்று அவள் கேட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததாகச் சத்யபிரியா பிறகு சொன்னாள்.

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. பூசைக் குழியில் தண்ணீர் நின்றது, தானியம் மிதந்தது. ஆற்றில் செந்தண்ணீர் போவது, சுவர் இருந்த இடத்தின் வழியே அடுப்படியிலிருந்தே தெரிந்தது. நாகராசு அங்கே தார்ப்பாயைக் கட்டிவிட்டு முன்னறையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழாம் தேதி அறிவுச்செல்வன் மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா, வந்துருச்சு! தபால்ல போட்டா லேட்டாகும்னு நானே எடுத்துட்டு வந்துட்டேன்" என்று தோள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதத்தை எடுத்தார். "வேலைக்கு முந்தி ஒரு போட்டோ எடுக்கணும். எடுத்துட்டா நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்." சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தவர் தார்ப்பாயை விலக்கினார்.

குவியலையும் கையிலிருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரூமு எங்கங்கய்யா?"

நாகராசு உற்சாகமாகத்தான் சொன்னார். வாஸ்து நாளைப் பற்றியும், தை பன்னிரண்டைப் பற்றியும், ஒரு செங்கல்கூட வைக்காததைப் பற்றியும். சொல்லச் சொல்ல எதிரே இருந்த முகம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்துக் குரல் தானாக இறங்கியது.

"ஐயா, இந்தப் பேப்பரு இருக்கிற ரூம ரிப்பேர் பண்றதுக்கு" என்றார் அறிவுச்செல்வன். "இல்லாத ரூம எப்புடி ரிப்பேர் பண்ணுவீங்க? இனிமே இங்க நீங்க ஒரு செவுரு எழுப்புனா அது புதுக் கட்டடம். புதுக் கட்டடத்துக்கு இந்த எல்லைக்குள்ள யாராலயும் குடுக்க முடியாது. நானில்ல, எங்க பெரிய ஆபீசரே நெனச்சாலும் முடியாது."

"கட்டாதீங்கன்னுதான தம்பி சொன்னீங்க..."

"சொன்னேன். இடிப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்கய்யா." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதைக் கேட்கத்தான் நாகராசுவால் முடியவில்லை.

நாகராசு குவியலுக்குள் இறங்கி ஒரு செங்கல்லை எடுத்து வந்தார். சேறு வழிந்தது. "இந்தா, அதே கல்லு. எல்லாம் இங்கனதான் கெடக்கு, ஒண்ணுகூட வெளிய போகல. அதே எடத்துல அதே மாதிரி அடுக்கிர்றேன். பழைய போட்டோவ வச்சு அடுக்கிர்றேன் தம்பி. எம் பொண்டாட்டி நடந்து வரணும். அவ்வளவுதான்."

அறிவுச்செல்வன் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை உறைக்குள் போட்டுப் பைக்குள் வைத்தார். குவியலை நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்தார். "நான் பாத்தத எழுதித்தான் ஆகணும். மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் போனார். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் மேலாவது சொல்ல முடிந்தால் ஆறுதலாக இருக்கும்.

மதுரைவீரன் மறுநாள் வந்து தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "எனக்கென்னண்ணே சட்டம் தெரியும்?" என்றார். நாகராசு அவரைத் திட்டவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரைத் திட்டியவருக்கு, உண்மையாகவே திட்ட வேண்டிய நேரம் வந்தபோது திட்டுவதற்குத் தன்னைத் தவிர யாருமில்லை.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அறந்தாங்கியில் பொய் சொன்னார். மழை என்றார். சிமெண்ட் வர வேண்டும் என்றார். மார்கழி முதல் வாரம் மூன்றாவது முறையாகப் போனபோது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால் அறை மாறியிருந்தது. மூலையில் புதிய கொசுவலை, பிரித்துப் பார்க்காத குழந்தைத் துணிகள், சுவரோரம் ஒரு வாளி பெயிண்ட். சொர்ணத்தின் புடவைகளெல்லாம் மடித்து ஒரு பைக்குள் போயிருந்தன. கட்டிவைத்த பைக்குப் பக்கத்தில் அவள் தலை சீவி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"டைல்ஸ் என்ன கலரு வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"பச்சை" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

"வழுக்காதுல்ல? சொரசொரப்பா உள்ளதா பாத்து வாங்குனீங்களா?"

"ஆமா."

"போன்ல காட்டுங்க."

"சார்ஜு இல்ல சொர்ணம்."

அவள் போனுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "ஏங்க, எங்கிட்டயேவாங்க?" என்றாள்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சுவரை இறக்கியதை, காகிதம் வந்ததை, வந்த காகிதம் திரும்பிப் போனதை. எதையும் மறைக்கவில்லை, தனக்குச் சாதகமாகவும் எதையும் சொல்லவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து விரலை மடக்கி எண்ணினாள்.

"எட்டுலேருந்து பதினேழு. ஒம்பது நாளு" என்றாள். பிறகு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "ஒம்பது நாளுங்க! ஒம்பது நாளு ஒங்களால இருக்க முடியலையா? நான் இங்கன அஞ்சு மாசமா இருக்கேன்!"

நாகராசு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

சத்தம் கேட்டு, கையில் காபி டம்ளரோடு செல்வராணி வாசலில் வந்து நின்றாள். "என்ன மதினி? என்னாச்சுண்ணே?"

சொர்ணம் முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மதினி. இன்னும் ஒம்பது நாளு வேல இருக்குங்கிறாரு, அதான் கத்திட்டேன். பச்சை டைல்ஸ் போடுறாங்களாம். மார்கழிக்குள்ள முடிஞ்சிருமாம். தை பொறக்குறதுக்கு முன்னாடி நான் கெளம்பிருவேன்."

செல்வராணியின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளும் அவள் மனதை அரித்துக்கொண்டிருந்த ஒன்று இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. "அய்யோ, நல்லதாப் போச்சு மதினி! மறுபடி எப்புடிக் கேக்குறதுன்னு நானே தவிச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப பெயிண்டுக்காரன மாசக் கடைசில வரச் சொல்லிர்றேன். அண்ணே, காபிய எடுத்துக்குங்க, ஆறிப் போயிரும்." அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, மகளுக்குப் போன் பண்ண உள்ளே போனாள்.

கட்டிவைத்த பை சுவரோரம் இருந்தது. சொர்ணம் அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

"எங்கங்க போறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இருபத்தொன்பது வருடம் ஊர்ப் பெயர் கூவி ஆளேற்றிய நாகராசு வாயைத் திறந்தார். ஒரு ஊர்ப் பெயரும் வரவில்லை.